குடிவைக்குமுன் கேட்ட கேள்விகள்

சென்னைப் பட்டணத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டையைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். உத்தியோகத்தையோ படிப்பையோ நாடி, கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஜமக்காளத்தில் சுற்றிய படுக்கையுமாக அப்பட்டணத்தில் வந்து இறங்கிய எண்ணற்ற மனிதர்கள், தங்கள் ஊர், குலம், சம்பளம், பழக்கவழக்கம் ஆகிய சகலத்தையும் முதன்முதலாக ஒப்புவிக்க நேர்ந்த இடம் யாரோ ஒரு வீட்டுக்காரருடைய திண்ணை என்பதை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பல பேர் கூடி வசிக்கும் ஒரு வீட்டில் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் அந்த விசாரணை, எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லாமலே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் தெருத்தெருவாக நடந்து வந்திருக்கிறது. யார் எந்தப் பேட்டையில் வாழலாம், யார் எந்தக் குழாயில் நீர் பிடிக்கலாம், யாருடைய குழந்தைகள் யாருடைய குழந்தைகளோடு விளையாடலாம் என்பதையெல்லாம் நகரசபையின் தீர்மானங்களைக் காட்டிலும் அந்தத் திண்ணைப் பேச்சே அதிகமாக நிர்ணயித்தது என்பது என் அபிப்பிராயம்.

திருவல்லிக்கேணியை எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் தெளிவாக விளங்கும். 1676இல் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் வருஷத்துக்கு 50 வராகன் என்ற கணக்கில் குத்தகைக்கு எடுத்த அந்தக் கிராமம், பார்த்தசாரதி சுவாமியின் கோயிலையும் குளத்தையும் சுற்றி அமைந்த வீதிகளோடு நெடுங்காலம் தன் போக்கிலேயே இருந்தது. 1857இல் சர்வகலாசாலை ஏற்பட்டு, 1870இல் பிரஸிடென்ஸி கலாசாலை கடற்கரையோரத்துக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்து, சர்க்கார் காரியாலயங்களும் வர்த்தகக் கம்பெனிகளும் ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்களை ஏராளமாக வேண்டத் தொடங்கிய பிறகு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கு, கலாசாலைக்குக் கால்நடையாகவே போய்விடக்கூடிய அவ்வீதிகள் இயல்பான புகலிடமாயின. 1895இல் நகரத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும், கோட்டையிலும் துறைமுகத்திலும் ஜார்ஜ் டவுனிலும் வேலை பார்த்தவர்கள் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருந்துகொண்டு காரியாலயத்துக்குப் போய் வருவது இன்னும் சுலபமாயிற்று.

ஆனால் அவ்வீதிகளின் வீடுகள் ஒரே குடும்பத்துக்கென்று கட்டப்பட்டவை. தெருவை ஒட்டித் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, பிறகு வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், சமையற்கட்டு, கிணற்றடி, கடைக்கோடியில் கொல்லையும் கக்கூஸும் என்று முன்னும் பின்னுமாக நீண்டு கிடந்த அந்த வீடு, சொந்தக்காரர் உத்தியோகத்திலிருந்து விலகியோ, பாகப்பிரிவினையால் நொடித்தோ, புருஷனை இழந்த ஸ்திரீக்கு அந்த வீட்டைத் தவிர வேறு ஜீவனாதாரம் இல்லாமலோ போன காலத்தில், கூடத்துக்கு ஒரு குடித்தனம், மச்சுக்கு ஒரு குடித்தனம், ரேழி அறைக்கு ஒரு குடித்தனம் என்று பங்கிட்டு விடப்பட்டது. ஒண்டுக்குடித்தனம் பிறந்தது இப்படித்தான். அறைகளைப் பங்கிட முடிந்தது. முற்றத்தையும் கிணற்றையும் கக்கூஸையும் வாசற்கதவையும் பங்கிட முடியவில்லை. செங்குன்றத்து ஏரி நீர் 1872இல் நகரத்துக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்து நீர்நிலையமும் ஏற்பட்டது. அதன் பின்பும் வீட்டுக்கு ஒரு குழாய் என்பதே வழக்கமாக இருந்தது. அக்குழாயில் நீர் வரும் நேரமோ சிறிது. ஐந்து குடித்தனங்கள் இருந்தால் ஐந்து அண்டாக்களும் அந்த நேரத்துக்குள் நிரம்பியாக வேண்டும்.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு, வீட்டுக்காரருடைய கேள்விகள் ஆரம்பத்தில் எவ்வளவு நியாயமானவை என்பது புலப்படும். எத்தனை பேர் என்று கேட்டால் அது எத்தனை குடம் என்று கேட்பதாகும். கைக்குழந்தை உண்டா என்று கேட்டால், இரவில் எழும் அழுகுரல் ஒரு மரத் தடுப்புக்கு அப்பால் காலையில் ஆறு மணிக்கு எழுந்து ஓட வேண்டிய மற்றொருவருடைய காதில் விழும் என்பது அதன் காரணம். வெளிவாசலை எத்தனை மணிக்குத் தாழிடலாம், நோயாளி எவரேனும் உண்டா, ஊரிலிருந்து உறவினர் அடிக்கடி வந்து தங்குவார்களா என்பனவெல்லாம் பொதுவாக அநுபவிக்கும் பொருளைப் பற்றிய கேள்விகள். கூடி வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை. இவற்றைக் கேளாமல் குடிவைத்த வீட்டில் முதல் மாதத்திலேயே குழாயடிச் சண்டை மூண்டுவிடும் என்பதை அநுபவசாலிகள் அறிவார்கள்.

விசாரணை நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. கதவில் அட்டை தொங்குவதைப் பார்த்தோ, தரகர் ஒருவர் அழைத்து வந்தோ வருகிறவரை வீட்டுக்காரர் திண்ணையில் உட்காரவைத்து, "எந்த ஊர்?" என்று தொடங்குவார். கும்பகோணம் என்றால் கும்பகோணத்தில் எந்தத் தெரு என்பார். தெருவைச் சொன்னால் அந்தத் தெருவில் இன்னாரைத் தெரியுமா என்பார். பட்டணத்தில் முன்பின் தெரியாதவருடைய நடத்தைக்குச் சாட்சி அவருடைய சொந்த ஊரில்தான் இருந்தது. ஆதலால் இந்தக் கேள்விகள் வெறும் அளவளாவலைப் போலத் தோன்றினாலும் உண்மையில் ஜாமீன் தேடும் வேலையாகவே நடைபெற்றன. காரியாலயத்தில் மேலதிகாரி கொடுத்த கடிதத்தைக் காட்டிலும், "அவர் என் மாமாவோடு கூடப் படித்தவர்" என்று யாராவது ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். இதற்குள் உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாள் கதவோரத்தில் வந்து நின்று, "மொத்தம் எத்தனை உருப்படி?" என்று கேட்டுவிடுவாள். வாடகையைப் பேசுவது புருஷனாக இருந்தாலும், முடிவு பெரும்பாலும் அவளுடையது. ஏனென்றால் பகல் முழுவதும் குடித்தனக்காரர்களோடு அந்த முற்றத்தில் வாழப்போகிறவள் அவள்தான். மறுநாள் வீட்டைப் பார்க்க வரும் குடித்தனக்காரருடைய மனைவியின் பேச்சையும் சுபாவத்தையும் அவள் எடைபோட்டுப் பார்த்து, தலையசைத்த பிறகே, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்கு அநுமதி கிடைக்கும்.

இந்த விசாரணையில் தேறுவதற்கு மிகவும் சிரமப்பட்டவர்கள் பிரம்மசாரிகள். மாணவர்களும் இளம் குமாஸ்தாக்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு மாடியையோ ஒரு முன்னறையையோ எடுத்துக்கொண்டு, வாடகையைப் பங்கிட்டு, ஹோட்டலிலோ மெஸ்ஸிலோ சாப்பிட்டுக் காலங்கழிப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் சகஜமாகிவிட்டது. கணித மேதை ராமானுஜன், 1912ஆம் வருஷம் பிப்ரவரி 9ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு ஒரு குமாஸ்தா வேலை வேண்டி விண்ணப்பம் எழுதியபோது கொடுத்த விலாசம் திருவல்லிக்கேணியில் சம்மர் ஹவுஸ் என்ற இடத்தில் 7ஆம் எண். மார்ச்சு முதல் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவ்வேலையில் அமர்ந்த அந்த இளைஞரைப் போன்றவர்கள்தாம் இந்தப் பேட்டையின் குடித்தனக்காரர்கள். உலகம் பின்னால் கொண்டாடப்போகும் ஒரு புருஷரும், பரீட்சையில் தேறாமல் ஊருக்குத் திரும்பப்போகும் ஒரு பையனும் வீட்டுக்காரருடைய கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தோற்றமளித்திருப்பார்கள்: குடும்பம் இல்லாதவன், நிலையான வருமானம் இல்லாதவன், கூட யாரை அழைத்து வருவானோ தெரியாதவன்.

கடைசியில் சொன்னதே வீட்டுக்காரர்களுடைய பெரிய அச்சம். குடும்பஸ்தர் ஒருவரைக் குடிவைத்தால் அவருடைய குடும்பம் என்பது எதுவென்று தெரியும். அதில் ஒருவர் கூடினால் அது பிறப்பு, ஒருவர் குறைந்தால் அது கல்யாணமோ மரணமோ. நான்கு பிரம்மசாரிகளில் வாடகைச் சீட்டில் பெயர் எழுதியவன் ஒருவன். மற்ற மூவர் பரீட்சைக்குப் பரீட்சை, வேலைக்கு வேலை மாறுவார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், சீட்டில் பெயர் உள்ளவனே போய்விட்டு, அவன் கொண்டுவந்தவன் கொண்டுவந்தவன் அங்கே இருப்பான். வாடகைக்குப் பொறுப்பு யார், உடைந்த கதவுக்குப் பொறுப்பு யார், அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றி அவதூறாக ஒரு வார்த்தை எழுந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்த ஏற்பாட்டில் விடை இல்லை. ஆகவே வீட்டுக்காரர்கள் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள்: நால்வரையும் நால்வராகவே ஏற்காமல், அவர்களில் மூத்தவனையோ உத்தியோகத்திலிருப்பவனையோ அழைத்து, மற்றவர்களுக்கெல்லாம் நீயே பொறுப்பு என்று வாக்கு வாங்கிக்கொண்டு, அவனைக் குடும்பத் தலைவனைப் போல ஆக்கிவிடுவார்கள். ஒரே ஊர்க்காரர்களாகவோ ஒரே உறவுமுறையினராகவோ இருந்தால் இன்னும் விசேஷம். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் சேர்ந்து கேட்டால் அறை கிடைத்தது, அந்நியர் இருவர் சேர்ந்து கேட்டால் கிடைக்கவில்லை.

ஸ்திரீகள் கூடி வசிப்பதற்கு ஒரு வீடு தேடுவது இதைவிடப் பன்மடங்கு கடினமாக இருந்தது. இளமையில் கணவனை இழந்து, பிரஸிடென்ஸி கலாசாலையில் 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளைப் படிக்கவைக்கும் பொருட்டு முதலில் எழும்பூரில் ஒரு வீட்டில் சில பெண்களோடு தம் முயற்சியைத் தொடங்கினார். வைதிகர்களுடைய எதிர்ப்பு பலமாக இருந்த அக்காலத்தில், தலைவாசலில் ஆண்பெயர் ஒன்று இல்லாத வீட்டைத் தெரு எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பெண்களின் தொகை பெருகியபோது அந்த விடுதிக்கு இடம் கிடைத்தது, சர்க்கார் 1917இல் வாங்கிய திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில்தான். நகரத்தில் ஆயிரம் மாடிகள் இருந்தும், படிக்க வந்த பெண்கள் கூடி வாழ்வதற்குப் பனிக்கட்டி சேர்த்து வைக்கக் கட்டிய ஒரு கிடங்கை மாற்றியமைத்த கட்டடமே இடம் தந்தது என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

விசாரணையே தலைகீழாக மாறிய காலமும் உண்டு. 1914ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியக் கப்பலான எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தபோது ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அது சில நாள் பீதியோடு நின்றது. 1942 ஏப்ரலில், ஜப்பானியக் கடற்படை வருகிறதென்ற செய்தி பரவி, அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரும் அறிவித்தபோது, பட்டணம் மெய்யாகவே காலியாயிற்று. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்கு இடம் மாறிய அந்த மாதங்களில், வீட்டைத் தனியே விட்டுப் போக அஞ்சிய சொந்தக்காரர்களுக்கு விளக்கேற்றிவைக்க யாராவது ஒருவர் இருந்தால் போதும் என்று ஆயிற்று. குலம் கோத்திரம் பார்த்துக் குடிவைத்த வீடுகளில் ஒரு கேள்வியும் இன்றி ஆள் புக முடிந்த நாட்கள் அவை மாத்திரமே.

அந்த நிலை நீடிக்கவில்லை. ஓடியவர்கள் திரும்பினார்கள், அவர்களோடு பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்து சேர்ந்தவர்கள், யுத்த காலத்துப் புதுக் காரியாலயங்களில் வேலை பெற்றவர்கள், கிராமத்தில் பிழைப்பு அற்றவர்கள் என்று ஜனவெள்ளம் பெருகிற்று. 1941 ஜனக்கணக்கில் சுமார் 7.77 லட்சமாக இருந்த நகரத்தின் தொகை, எல்லையும் விஸ்தரிக்கப்பட்டதால், 1951இல் 14 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் புது வீடுகள் அதற்கு ஈடாக எழும்பவில்லை. 1941இல் பாதுகாப்பு விதிகளின் கீழ்ப் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு, 1946இல் சட்டமாகி, 1949இலும் 1960இலும் புதுச் சட்டங்களாக மாற்றி எழுதப்பட்டது.

இந்தச் சட்டங்களைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் விஷயத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. நியாய வாடகை என்பது 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அந்தப் பேட்டையில் நடப்பிலிருந்த வாடகையை ஆதாரமாகக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது சட்டம். வாடகை பாக்கி, 1945 அக்டோபர் 23க்குப் பிறகு எழுத்து மூலமான சம்மதம் இன்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம், அதே கட்டடத்தின் மற்றப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு உபத்திரவம், சொந்தத்துக்குத் தேவை என்பன போன்ற குறிப்பிட்ட காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னிலையில் நிரூபித்தாலன்றிக் குடித்தனக்காரரை எழுப்ப முடியாது. தண்ணீரையும் விளக்கையும் நிறுத்திப் பழிவாங்குவதும் தடுக்கப்பட்டது. தெருவில் நின்ற ஏழைக் குமாஸ்தாவுக்கு இச்சட்டம் பெரிய ரக்ஷையாக இருந்தது. அதை எள்ளளவும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாதிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு வீடு மாறிச் சீரழிந்திருக்கும்.

ஆயினும் ஒருமுறை உள்ளே வந்தவரை வெளியேற்றுவது வருஷக்கணக்கில் நடக்கும் வழக்காகிவிட்டபோது, வீட்டுக்காரருடைய கையில் எஞ்சிய அதிகாரம், யாரை உள்ளே விடுவது என்ற ஒன்றுதான். வெளிவாசல் அடைபட்டதால் உள்வாசல் குறுகிற்று. முன்பு பத்துக் கேள்வி கேட்டவர் இப்போது ஐம்பது கேள்வி கேட்டார். முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டவர் இப்போது ஆள் அனுப்பி விசாரித்தார். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாதென்ற விதி ஏட்டிலே இருக்க, பத்து மாத வாடகை முன்பணம் என்பது நகரத்தின் வழக்கமாகவே ஆயிற்று. மாற்றல் ஆகக்கூடிய சர்க்கார் உத்தியோகஸ்தர், பாங்கு உத்தியோகஸ்தர் ஆகியோருக்கு வீடு சுலபமாகக் கிடைத்தது. மூன்று வருஷத்தில் அவர் தாமே போய்விடுவார் என்பதால். உள்ளூரில் நிலைத்த தொழில் செய்பவரும் வக்கீலும் ஐயத்தோடு பார்க்கப்பட்டார்கள். வக்கீலுக்கு வீடு கொடுத்தால் அவரை எழுப்ப முடியாது என்று பயந்தவர்கள் பலர். கூடி வசிக்க வரும் இளைஞர்களைப் பற்றிய பழைய அச்சத்துக்கு உள்வாடகைப் பிரிவு சட்டத்தின் உருவத்தையே கொடுத்துவிட்டது. ஒருவன் தன் நண்பனை வெறுமனே கூட வைத்துக்கொள்வது உள்வாடகை ஆகாது, ஒரு பகுதியின் தனி அநுபோகத்தையே பணம் பெற்று ஒப்படைத்தால்தான் ஆகும் என்று நியாயஸ்தலங்கள் வேறுபடுத்திக் காட்டினாலும், அந்த நுட்பத்துக்காக வழக்காட விரும்பாத வீட்டுக்காரர்கள் நால்வராக வந்தவர்களைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள்.

கேள்விகள் பெருகியபோது அவற்றின் குணமும் மாறிற்று என்பதுதான் துக்ககரமானது. தண்ணீரைப் பற்றியும் வாசற்கதவைப் பற்றியும் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. மனிதருடைய பிறப்பைப் பற்றிக் கேட்பதற்கு எல்லையே கிடையாது. மாமிசம் சாப்பிடுவதுண்டா என்ற கேள்வி சமையற்கட்டின் புகை வழியே ஆரம்பித்து, சாப்பிடாதவராக இருந்தாலும் எந்த ஜாதி என்பதில் போய் முடிந்தது. முஸ்லிம் என்ற ஒரே காரணத்துக்காகவும் ஹரிஜன் என்ற ஒரே காரணத்துக்காகவும் எத்தனையோ கண்ணியவான்கள் வீடு வீடாக அலைந்திருக்கிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்றுத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர், 1917இல் பரோடாவில் சமஸ்தான உத்தியோகம் ஏற்றபோது தங்க இடமின்றி ஒரு பார்ஸி விடுதியில் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்தும் தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். படிப்பும் பதவியும் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகவில்லை.

1955இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையை முன்னிட்டு ஒருவரை எந்த ஊரிலும் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவொட்டாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. வீட்டுக்காரர் வாய்திறந்து காரணத்தைச் சொன்னாலல்லவா சட்டம் அவரைப் பிடிக்கும்? "வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டதே" என்ற ஒரு வாக்கியத்தால் அவர் தப்பிக்கொண்டார். வெளியேற்றுவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஏற்காமலிருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடித்தனக்காரரை அவ்வளவு கவனமாகக் காத்த வாடகைச் சட்டம், குடித்தனக்காரர் ஆவதற்கு முந்திய நிலையிலிருக்கும் மனிதரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

விசாரணையில் தேறாத பிரம்மசாரிகளுக்குப் புகலிடமாக எழுந்தவை திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். மூன்றும் நான்கும் மாடிகளாக உயர்ந்து, நீண்ட நடைவழியின் இரு பக்கமும் சிறு அறைகள், அறைக்கு இரண்டோ மூன்றோ கட்டில்கள், மாடிக்கு ஒரு குளியலறை வரிசை, கீழே ஒரு மானேஜர் மேஜை, பக்கத்துத் தெருவில் மெஸ் என்று அமைந்த அக்கட்டடங்கள், சுயேச்சையாக வாழும் ஆண்பிள்ளைகளுக்கென்று ஒரு தனி உலகத்தையே ஏற்படுத்தின. இங்கே வாடகைக்கு விடப்பட்டது வீடும் அல்ல, அறையும் அல்ல, ஒரு கட்டில். 1960ஆம் வருஷத்துச் சட்டம் கட்டடம் என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது, ஹோட்டலிலோ உண்டுறை விடுதியிலோ உள்ள அறை அதில் அடங்காது என்று விலக்கிவிட்டது. மேன்ஷனை விடுதி என்று நடத்தியவர்கள் அந்த விலக்கின் நிழலில் நின்றார்கள். தொந்தரவு கொடுப்பவனை மாதக் கடைசியில் அனுப்பிவிடலாம் என்ற தைரியம் இருந்ததால், அங்கே கேள்விகள் சுருங்கின. ஊர் எது, வேலை எங்கே, யார் சொல்லி வந்தாய் என்ற மூன்றோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். இருநூறு பேர் கூடி வாழும் கட்டடத்தில் மூன்றே கேள்வியும், ஐந்து குடித்தனம் உள்ள வீட்டில் ஐம்பது கேள்வியும் கேட்கப்பட்டன என்பதைப் பார்க்கும்போது, கேள்விகளின் தொகையை நிர்ணயித்தது கூடி வாழ்வதன் கஷ்டம் மாத்திரம் அன்று, பயமும்கூட என்பது உறுதிப்படுகிறது.

அந்த மூன்றாவது கேள்விதான் மேன்ஷன் வாழ்க்கையின் அஸ்திவாரம். ஏற்கெனவே தங்கியிருப்பவன் ஒருவன் தன் ஊர்ப் பையனை அழைத்து வந்து, இவன் என் பொறுப்பு என்பான். வேலை மாறியோ கல்யாணமாகியோ அவன் போகும்போது கட்டில் அந்தப் பையனுக்குப் போகும். அவன் தன் தம்பியையோ சிநேகிதனையோ கொண்டுவருவான். இவ்விதமாக ஒரே அறையில் ஒரே தாலூக்காவைச் சேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து போனார்கள். புதிதாக வந்தவனைப் பரீக்ஷிப்பது மானேஜரைவிட அறைத் தோழர்களுடைய வேலையாயிற்று. இரவில் எத்தனை நேரம் விளக்கெரிப்பான், பிறர் சோப்பை எடுப்பானா, கடன் வாங்கினால் திருப்புவானா, காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வாங்கி வருவானா என்பதை ஒரு மாதத்தில் கண்டுகொள்வார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்களும், சினிமாவில் பாட்டெழுதவும் நடிக்கவும் வந்தவர்களும், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும், பத்திரிகைக்காரர்களும் அங்கே அடுத்தடுத்த கட்டிலில் உறங்கினார்கள். உண்மையான அந்நியோன்னியம் விளைந்த இடங்கள் அவை. குடும்ப வீடுகளோ அவர்களைக் கண்டு அஞ்சி ஒதுங்கியே இருந்தன. 1968இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' படத்தில் பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, எல்லாருக்கும் ஏவல் செய்து வாழும் அநாதை மாணவனாக நாகேஷ் தோன்றினார். குடும்பம் இல்லாதவன் ஒண்டுக்குடித்தனத்துக்குள் புக வேண்டுமானால் அவன் கொடுக்க வேண்டிய வாடகை எத்தகையது என்பதை அந்தப் பாத்திரத்தைக் கண்டு கலங்கியவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

1960ஆம் வருஷத்துச் சட்டம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நடப்பிலிருந்தது. அதற்குள் ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் ஆயின. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, பழைய மகாபலிபுரச் சாலையெங்கும் ஆணும் பெண்ணுமாக இளைஞர்கள் மூவரும் நால்வருமாய்ச் சேர்ந்து வீடெடுத்து வாழலானார்கள். 2012இல் நகரக் காவல் துறை, குடிவைத்தவர்களின் விவரங்களைப் படிவத்தில் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டுமென்று வீட்டுக்காரர்களுக்கு உத்தரவிட்டபோது, திண்ணையில் நடந்த விசாரணைக்கு முதன்முறையாகச் சர்க்கார் முத்திரை விழுந்தது. 2014இல் பெண்கள் விடுதிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கி, முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வீட்டைத் திரும்பப் பெறுவதைச் சுலபமாக்கியது.

வெளியேற்ற முடியாதே என்ற பயம்தான் கேள்விகளைப் பெருக்கியது என்றால், அந்தப் பயம் தணிந்த பிறகு அவை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கல்யாணமாகாத பெண்கள் இருவர் சேர்ந்து வந்தால் பெற்றோர் எங்கே என்று கேட்கிறார்கள். பெயரைக் கேட்டவுடனே மதம் தெரிந்து, வீடு பேசி முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் அதே கட்டடத்தில், வாடகையைப் பங்கிட்டு வாழும் இளைஞர்கள், நால்வரில் ஒருவர் வேலை மாறிப் போய் அந்த இடத்துக்கு மற்றொருவர் தேவைப்படும்போது, வந்தவரை உட்காரவைத்துக் கேட்பவை வேறு: ராத்திரி ஷிப்டா, பகல் ஷிப்டா, சமையலில் முறை எடுத்துக்கொள்வாயா, மின்சாரப் பணத்தைத் தேதி தவறாமல் கொடுப்பாயா, தண்ணீர் லாரி வரும் நாளில் வீட்டில் இருக்க முடியுமா.